ஆலை நின்றும் மாசு குறையவில்லை என்றால் ஆலைமேல் குற்றமில்லையா? (மணலி – திருவொற்றியூர் – எண்ணூர்)

கத்திவாக்கத்தான்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்போர் கூட்டத்துக்கு வந்த ஒருவர் லேப்டாப்பில் ஒரு படம் காட்டினார். மணலிப் பக்கம் ஒரு பெரிய ஆலை பராமரிப்புக்காக மூன்று வாரம் ஷட்டவுனில் இருந்ததே, அதைப் பற்றிய கணக்கு. இரண்டே பட்டை. ஷட்டவுனுக்கு முந்தைய மூன்று வாரத்தின் பி.எம் 2.5 (காற்றில் மிதக்கும் நுண்துகள்) சராசரி ஒன்று, ஷட்டவுன் நடந்த மூன்று வாரத்தின் சராசரி இன்னொன்று. இரண்டாவது பட்டை கொஞ்சம் உயரம்கூட. கீழே கொட்டை எழுத்தில் 'ஆலை நின்றும் மாசு குறையவில்லை'.

கூட்டத்தில் யாருக்கும் பதில் சொல்ல வாய் வரவில்லை, எனக்கும்தான். ஆனால் அந்த வாரங்களில் ராத்திரி ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கினோம் என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எங்கள் மூக்கு பொய்யா, அந்தப் படம் பொய்யா? கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கன்டெய்னர் வண்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடு வைத்துச் சோதனை பார்க்கலாம் என்று வேறு ஒரு பேச்சு அடிபடுகிறது. அதையும் இதேபோல இரண்டு பட்டை போட்டு முடித்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

டி.எச்.ரோடு வாசி

எந்த ஸ்டேஷன் டேட்டா? எந்த மாசம்?

கத்திவாக்கத்தான்

மணலி காற்று அளவீட்டு ஸ்டேஷன் என்று போட்டிருந்தது. முந்தைய மூன்று வாரம் செப்டம்பர், ஷட்டவுன் அக்டோபர்.

டி.எச்.ரோடு வாசி

அக்டோபரா? தீபாவளி நடுவுல வந்துச்சே!

பழைய வண்ணை

அடப்பாவிகளா. ஆலையை நிறுத்திட்டு, பட்டாசைக் கொளுத்திட்டு, சராசரி எடுத்தா எங்கேர்ந்து குறையும்?

அளவுகோல்

காற்று மாதிரி எடுக்கும் ஆய்வகத்தில் பல வருஷம் குப்பை கொட்டியவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தீபாவளியை நீக்கிவிட்டாலும் அந்தப் படம் தேறாது. செப்டம்பரில் சென்னைக்குத் தென்மேற்குப் பருவக்காற்று. காலையில் நிலத்திலிருந்து கடலுக்கு வீசும், மதியம் கடல் காற்று ஏறும், சாயங்காலம் ஒரு இடிமழை பெய்து தூசியைக் கழுவிவிடும். அக்டோபரில் அந்தக் காற்று தளர்கிறது. வடகிழக்கு இன்னும் முழுசாகப் பிடிக்கவில்லை. காற்று அசையாத இரவுகள் அதிகம். எந்த ஆலையும் இல்லாத ஊரிலும் அந்த மாதத்தில் பி.எம் 2.5 கொஞ்சம் ஏறத்தான் செய்யும். ஆக அந்த இரண்டு பட்டைகளும் ஆலையை அளக்கவில்லை, பருவம் மாறியதை அளந்திருக்கின்றன.

ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம் (இவை என் கற்பனை எண்கள், யாரும் எடுத்துப் போட வேண்டாம்). மணலியில் முன்பு 30, பிறகு 32. அதே நாட்களில் வேளச்சேரியில் முன்பு 22, பிறகு 29. வேளச்சேரிக்கும் இந்த ஆலைக்கும் சம்பந்தமே இல்லை, இருந்தும் அங்கே 7 ஏறியிருக்கிறது. மணலியில் 2 மட்டும்தான் ஏறியிருக்கிறது. அப்படியானால் மணலியும் 37-க்குப் போயிருக்க வேண்டியது, எதுவோ 5-ஐப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. அந்த 5 ஆலையாலா என்பது அடுத்த கேள்வி. 'குறையவில்லை' என்று சொன்ன அதே எண்ணில் ஒரு குறைவு ஒளிந்திருக்கலாம், பார்த்தீர்களா? ஆலை நின்ற இடம், ஆலைக்குச் சம்பந்தமில்லாத இடம், இரண்டிலும் முன்பு, பின்பு என்று நாலு எண் வேண்டும். அவர் காட்டியது இரண்டு.

நாலு எண் வந்துவிட்டால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். எதை அளந்தார்கள் என்பதுதான் என்னை அதைவிட உறுத்துகிறது. எண்ணெயும் நிலக்கரியும் எரிக்கிற இடத்தில் முதலில் வெளியே வருவது கந்தக டை ஆக்சைடு. அது காற்றில் மாறி சல்ஃபேட் துகளாகி பி.எம் 2.5 கணக்கில் சேர நேரம் பிடிக்கும். சாதாரணமாக மணிக்கு ஒரு சில சதவீதம்தான் மாறும். மணிக்கு 10 கிலோமீட்டர் காற்றில் மணலிப் புகை திருவொற்றியூர் வர அரை மணி நேரம்கூட ஆகாது. அதற்குள் அது துகளாகியே இருக்காது. அது துகளாகி விழுவது எங்கேயோ ஐம்பது, நூறு கிலோமீட்டர் தாண்டி. பக்கத்து வீட்டில் அதை பி.எம் 2.5-ல் தேடினால் கிடைக்காது. கந்தக டை ஆக்சைடில் தேட வேண்டும். அந்த எண்ணும் அதே மணலி நிலையத்தில் அதே பெட்டியில் பதிவாகிறது, அதே இணையப் பக்கத்தில் இறக்கிக்கொள்ளலாம். ஏன் அதைக் காட்டவில்லை என்று கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. வரைபடத்தை எடுத்து அந்த ஆலையிலிருந்து ஸ்டேஷனுக்கு ஒரு கோடு போட்டுப் பாருங்கள். எந்தத் திசை?

கத்திவாக்கத்தான்

போட்டேன். ஸ்டேஷன் ஆலைக்கு மேற்கே வருகிறது சார்.

அளவுகோல்

அப்போ கிழக்கிலிருந்து காற்று வரும்போது மட்டும்தான், அதாவது கடல் காற்று வீசும் மதிய நேரத்தில் மட்டும்தான், அந்தக் கருவி அந்த ஆலையைப் பார்க்கிறது. நீங்கள் சொல்வது ராத்திரி. ராத்திரியில் கரையிலிருந்து கடல் பக்கம் காற்று. புகை திருவொற்றியூர், விம்கோ நகர், எர்ணாவூர் பக்கம் வரும். ஸ்டேஷன் அப்போது புகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. உங்கள் மூக்கும் பொய் சொல்லவில்லை, கருவியும் பொய் சொல்லவில்லை.

பழைய வண்ணை

இந்த வரியை பிரிண்ட் எடுத்துக் கூட்டத்துல ஒட்டணும்.

மணலி ஷிப்ட்

நான் அந்தப் பக்கத்து வளாகம் ஒன்றில் வேலை பார்க்கிறவன். எந்த வளாகம் என்று கேட்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் எங்களையே கைகாட்டுவது எனக்கு அலுத்துப்போச்சு. கொடுங்கையூர் குப்பைமேட்டில் தீப்பிடித்தால் ராத்திரி முழுக்கப் புகை. டிரெய்லர்கள் இன்ஜினை அணைக்காமல் வரிசையில் நிற்கும். தெருமுனையில் டயரும் ஒயரும் கொளுத்தி செம்பு எடுக்கிறான். இதையெல்லாம் ஒரு ஸ்டேஷன் பிரித்துக் காட்டுமா?

சரி, உங்களுக்குப் பயன்படுகிற மாதிரி சில விஷயமும் சொல்கிறேன். ஷட்டவுன் என்றால் சுவிட்சை அணைப்பது இல்லை. யூனிட்டை இறக்கும்போது உள்ளே இருக்கிற வாயுவை ஃபிளேருக்குத்தான் (வாயுவை எரித்துவிடுகிற உயரமான குழாய்) அனுப்புவோம். அப்போது அந்த ஜுவாலை வழக்கத்தைவிடப் பெரிசா இருக்கும், ராத்திரி மாதவரம் வரைக்கும் வானம் சிவப்பாத் தெரியும். திரும்ப ஏற்றும்போதும் அதே கதை. அதனால ஷட்டவுனின் முதல் சில நாளும் கடைசி சில நாளும் சாதாரண நாளைவிட மோசமாகக்கூட இருக்கலாம். நடுவில் என்ன நடக்கும்? கான்ட்ராக்ட் ஆட்கள் கூட்டமா வருவாங்க, டீசல் கம்ப்ரஸர், கிரேன், வெல்டிங், தொட்டியில் துரு உரிக்கிற வேலை. அந்தத் தூசியும் புகையும் இருக்கு. எல்லா யூனிட்டும் ஒரே நேரத்தில் நிற்கிறதும் இல்லை. ஒரு யூனிட் நிற்கும், பக்கத்து யூனிட் ஓடும், பாய்லர் ஓடும். வெளியே இருக்கிறவங்களுக்கு 'ஆலை நின்னுச்சு'. உள்ளே எங்களுக்கு 'மூணுல ஒண்ணு நின்னுச்சு'.

அளவுகோல்

ஷிப்ட் சார், இந்த இழையிலேயே உருப்படியான பதிவு உங்களுடையதுதான். எந்தத் தேதியில் எந்த யூனிட் இறங்கியது, எப்போது ஏறியது என்று தெரியாமல் 'முன் – பின்' என்று கோடு போடுவதே தப்பு. இறக்கும் நாட்களையும் ஏற்றும் நாட்களையும் கணக்கிலிருந்து தனியே எடுத்து வைத்துவிட்டு, நடு நாட்களை மட்டும் ஒப்பிட வேண்டும். இறக்கும் நாள் தனியாக ஒரு பாடம். ஃபிளேர் பெரிதாக எரிந்த இரவில் காற்று எந்தப் பக்கம், எந்தத் தெருவில் நாற்றம் என்று குறித்து வைத்திருந்தால், உங்கள் புகை எங்கே போய் இறங்குகிறது என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

சென்சார் தம்பி

எர்ணாவூர்ல எங்க மொட்டை மாடியில ஒரு குட்டி பி.எம் சென்சார் மாட்டியிருக்கேன். லேசர் வெச்சு எண்ணுற டைப். ஷட்டவுன் டைம்லயும் விடிகாலை 3 மணியிலேர்ந்து 6 மணி வரைக்கும் ரீடிங் எகிறிக்கிட்டேதான் இருந்துச்சு. அப்போ ஆலை காரணம் இல்லன்னுதானே அர்த்தம்?

அளவுகோல்

தம்பி, அந்த நேரத்தில் ஈரப்பதம் எவ்வளவு இருந்தது என்று பக்கத்திலேயே ஒரு கோடு போட்டுப் பார். கடற்கரையில் விடிகாலை 85, 90 சதவீதம் சாதாரணம். 70, 75-ஐத் தாண்டினாலே உப்பும் சல்ஃபேட்டும் தண்ணீரைக் குடித்து ஊதிப்போகும். உன் லேசர் அந்த ஊதிய துளியைப் பெரிய துகள் என்று எண்ணிக்கொள்ளும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கருவி உள்ளே இழுக்கும் காற்றைக் கொஞ்சம் சூடாக்கி ஈரத்தை விரட்டிவிட்டுத்தான் எடை பார்க்கும். உன் பெட்டியில் அது கிடையாது. கடலோரத்தில் உப்பு வேறு தாராளம்.

அதற்காகத் தூக்கிப் போட்டுவிடாதே. ஒரு மாதம் அதை வாரியத்தின் ஸ்டேஷன் பக்கத்தில், முடிந்தவரை நெருக்கமாக ஒரு மாடியில் வைத்து ஓட்டு. இரண்டுக்கும் ஈரப்பதத்துக்கும் என்ன உறவு என்று ஒரு சமன்பாடு கிடைக்கும். அப்புறம் எர்ணாவூருக்குத் திரும்பக் கொண்டு போ. அப்படிச் செய்யாத சென்சாரின் எண்ணை யாராவது கூட்டத்தில் காட்டினால், அந்த லேப்டாப்காரர் செய்ததையே நாமும் செய்கிறோம் என்று அர்த்தம்.

டி.எச்.ரோடு வாசி

காற்றுத் தரம் சொல்ற ஏ.கியூ.ஐ ஆப்ல எப்பவும் 'திருப்தி', 'மிதமான'னுதானே காட்டுது? அதையே பார்த்தா போதாதா?

மணலி புதுநகர்

போதாது அக்கா. நம்ம நாட்டு ஏ.கியூ.ஐ-யில் துகளுக்கும் கந்தகத்துக்கும் 24 மணி நேரச் சராசரிதான் எடுக்கிறார்கள். ராத்திரி இரண்டு மணி நேரம் மூச்சு முட்டினாலும் மீதி 22 மணி நேரம் அதைத் தண்ணீர் ஊற்றிக் கரைத்துவிடும். தவிர, எல்லா மாசுகளிலும் எது மோசமோ அதன் எண்ணைத்தான் காட்டும். சென்னையில் அது பெரும்பாலும் துகள். கந்தகம் பாதியாகக் குறைந்தாலும் ஆப்பில் எண் அசையாது.

எர்ணாவூர் குப்பம்

எங்க அப்பா கட்டுமரம் போனவர். இப்போ வயசாகிடுச்சு, திண்ணையில உக்காந்தபடியே காத்தைச் சொல்லுவார். மேல்காத்து கச்சான் அடிச்சா மணலி நாத்தம், வடக்கேர்ந்து வாடை அடிச்சா அனல் மின் நிலையத்துப் பக்கத்துச் சாம்பல், கடல் காத்து ஏறிட்டா ரெண்டும் இல்ல, மீன் வாசனை மட்டும். முட்டை அழுகின நாத்தம், கேஸ் நாத்தம், ரப்பர் எரியுற நாத்தம்னு தனித்தனியாச் சொல்லுவார். ஷட்டவுன் நடந்தப்போ முட்டை நாத்தம் வரவே இல்ல, ரப்பர் நாத்தம் மட்டும் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்றார். இதையெல்லாம் ஆபீசருங்க ஒத்துக்குவாங்களா?

அளவுகோல்

அம்மா, உங்கள் அப்பா வாயால் சொல்வதைத்தான் நாங்கள் கம்ப்யூட்டரில் வட்டமாக வரைந்து, காற்றுத் திசைக்கு மாசு எவ்வளவு என்று காட்டுகிறோம். அவர் ஒரே ஒரு காரியம் செய்தால் போதும். ஒரு நோட்டில் தேதி, நேரம், காற்று எந்தப் பக்கம், என்ன நாற்றம் என்று எழுத வேண்டும். நாற்றம் இல்லாத நாளையும் எழுத வேண்டும். இது முக்கியம். நாற்றம் வந்த நாளை மட்டும் எழுதினால் அது புகார்ப் புத்தகம், வராத நாளையும் சேர்த்து எழுதினால்தான் அளவு.

முட்டை நாற்றம் போய் ரப்பர் நாற்றம் மட்டும் மிஞ்சியது என்பது அருமையான தகவல். முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு ஒரு மூலத்திலிருந்து, எரிப்பு இன்னொரு மூலத்திலிருந்து. ஷிப்ட் சார் சொன்ன ஒயர் கொளுத்தும் கும்பலும் இதில் அகப்படுகிறது பாருங்கள்.

பழைய வண்ணை

2020 ஊரடங்கை ஏன் யாரும் பேசலை? மார்ச் 25-லேர்ந்து எல்லாமே நின்னுச்சே. அதைவிடப் பெரிய சோதனை கிடைக்குமா?

மணலி புதுநகர்

எல்லாமே நிற்கவில்லை அண்ணே. வண்டி நின்றது. அனல் மின்சாரம், எண்ணெய் சுத்திகரிப்பு எல்லாம் அத்தியாவசியம் என்று ஓடின, சுமை குறைந்து ஓடின, அவ்வளவுதான். ஊர் முழுக்க நைட்ரஜன் டை ஆக்சைடு படுத்துவிட்டது, அது வாகனப் புகையின் அடையாளம். பல நகரங்களில் ஓசோன் கொஞ்சம் ஏறியதும் நடந்தது. நைட்ரிக் ஆக்சைடு இருந்தால் அது ஓசோனைத் தின்றுவிடும், வண்டி நின்றதும் தின்ன ஆள் இல்லை. அப்புறம் மார்ச்சிலிருந்து ஏப்ரலுக்குப் போகும்போது சென்னையில் கடல் காற்று வலுத்து, துகள் தானாகவே குறையும். 'மார்ச் முதல் வாரம் – ஏப்ரல் முதல் வாரம்' என்று ஒப்பிட்டு வந்த படங்கள் எல்லாம் ஊரடங்குக்குச் சேர வேண்டியதோடு வெயில் காலத்துக்குச் சேர வேண்டிய பெருமையையும் சேர்த்தே கொடுத்தன. அந்த வருஷம் ஜூன் 19-லிருந்து 30 வரை சென்னைக்கும் அதை ஒட்டிய சில பகுதிகளுக்கும் மட்டும் திரும்ப முழு ஊரடங்கு போட்டார்களே, எனக்கு அதுதான் சுவாரசியம். பருவம் மாறாத சின்ன இடைவெளி, கொஞ்சம் தள்ளி அந்த முழு ஊரடங்கு இல்லாத மாவட்டங்களும் இருந்தன.

செயற்கைக்கோள் படத்தை நம்பலாமா என்றும் யாராவது கேட்பீர்கள். சென்டினல் 5பி என்ற செயற்கைக்கோளில் இருக்கும் டிரோபோமி கருவி நம் தலைக்கு மேல் வருவது மதியம் ஒன்றரை மணி வாக்கில். அதன் ஒரு கட்டம் ஏறக்குறைய 5.5-க்கு 3.5 கிலோமீட்டர். மணலியும் சாத்தாங்காடும் ஒரே கட்டத்துக்குள் போய்விடும். நாற்றம் அடிக்கிற ராத்திரி 2 மணியை அது பார்ப்பதே இல்லை.

வியாசர்பாடி 39

எல்லாம் சரிங்க. அளந்து என்ன ஆகப்போகுது? ஆலை மறுபடியும் ஓடத்தான் போகுது.

அளவுகோல்

அளந்ததால் என்ன ஆனது என்பதற்கு இரண்டு பழைய கதை உண்டு.

அமெரிக்காவில் யூட்டா பள்ளத்தாக்கில் ஜெனீவா ஸ்டீல் என்ற உருக்காலை. 1986 ஆகஸ்டில் தொழிலாளர் தகராறில் மூடியது, 1987 செப்டம்பரில் திறந்தது. நடுவில் ஒரு குளிர்காலம் ஆலை இல்லாமல் போனது. ஆர்டன் போப் என்ற ஆய்வாளர் மருத்துவமனைச் சேர்க்கைகளைப் பார்த்தார். ஆலை ஓடிய குளிர்காலங்களில் மூச்சுக் கோளாறால் சேர்ந்த குழந்தைகள் ஓடாத காலத்தைப் போல இரண்டு, மூன்று மடங்கு. நம் விஷயத்துக்கு வேண்டியது இதன் பின்பாதி. அவர் பக்கத்திலேயே ஆலை இல்லாத வேறொரு பள்ளத்தாக்கையும் பார்த்தார், அங்கே அப்படி எந்த இறக்கமும் இல்லை. அந்த ஒப்பீடு இல்லாவிட்டால் 'அந்த வருஷம் ஜுரம் குறைவு' என்று தள்ளிவிட்டிருப்பார்கள். அப்படித் தள்ளிவிடவும் பார்த்தார்கள். பிறகு ஆலை ஓடிய வருஷத்து வடிகட்டித் தாளையும் ஓடாத வருஷத்துத் தாளையும் எடுத்து, அதிலிருந்த துகளைச் சோதித்தபோது, நுரையீரலை அதிகம் புண்ணாக்கியது ஆலை ஓடிய வருஷத்துத் தூசிதான்.

எதிர்க் கதை அட்லாண்டா. 1996 ஒலிம்பிக்குக்காக வண்டிப் போக்கைக் கட்டுப்படுத்தினார்கள். காலை நெரிசல் குறைந்தது, ஓசோன் உச்சம் ஏறக்குறைய 28 சதவீதம் இறங்கியது, குழந்தைகளின் ஆஸ்துமா அவசர சிகிச்சை 40 சதவீதத்துக்கு மேல் குறைந்தது என்று 2001-ல் பெரிய பத்திரிகையில் கட்டுரை வந்தது. உலகமே மேற்கோள் காட்டியது. சில வருஷம் கழித்து வேறொரு குழு அதையே இன்னும் நீண்ட தரவோடு பார்த்தது. ஓசோன் அந்த வாரங்களில் ஒலிம்பிக் நடக்காத சுற்று வட்டாரத்திலும் இறங்கியிருக்கிறது, மற்ற வருஷங்களின் அதே பருவத்தோடு ஒப்பிட்டால் சிகிச்சை குறைந்தது என்ற முடிவும் தேறவில்லை. வானிலையின் உபயம் பெரும்பகுதி. பீஜிங் 2008 ஒலிம்பிக்கிலும் இதே சண்டைதான். ஆலைகளை மூடி, கார்களை ஒற்றைப்படை இரட்டைப்படையாகப் பிரித்து ஓட்டியும், பி.எம் 10-ன் (கொஞ்சம் பெரிய துகளையும் சேர்த்த அளவு) ஏற்ற இறக்கத்தில் 40 சதவீதத்தை வானிலையும் 16 சதவீதத்தைக் கட்டுப்பாடும் விளக்குவதாக ஒரு ஆய்வு கணக்கிட்டது.

வியாசர்பாடி சார், யூட்டாவில் ஆலை குற்றவாளி என்று நின்றதும், அட்லாண்டாவில் கொண்டாட்டம் கலைந்ததும் ஒரே மாதிரிக் கணக்கால்தான். அந்தக் கணக்கு நமக்குப் பிடித்த பதிலைத்தான் தரும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

டி.எச்.ரோடு வாசி

நம்ம ஊர் கதைக்கு வாங்க. டிரெய்லரைப் பகல்ல விடாம ராத்திரி மட்டும் விட்டா நல்லதா?

மணலி புதுநகர்

எனக்கு அந்த யோசனையே பிடிக்கவில்லை. பகலில் வெயில் தரையைச் சூடாக்கி, புகை பல நூறு மீட்டர் உயரத்துக்குக் கலந்துபோகும். குளிர்கால ராத்திரியில் புகை கலந்து ஏறக்கூடிய அந்த உயரம் நூறு, இருநூறு மீட்டருக்கு இறங்கிவிடும். பகலில் விட்ட அதே ஒரு கிலோ டீசல் புகையை ராத்திரி விட்டால், தெருவில் இருப்பவன் மூக்கில் பல மடங்காக ஏறும். வண்டி எண்ணிக்கை குறையாமல் நேரத்தை மட்டும் மாற்றினால், பகல் எண் அழகாகக் குறையும். பகல் எண்ணை மட்டும் படம் போட்டு 'வெற்றி' என்பார்கள். சோதனை வைத்தால் 24 மணி நேரத்தையும், டிரெய்லர் திரும்பிப் போகிற மாற்றுப் பாதையையும் சேர்த்து அளக்க வேண்டும். மெக்சிகோ சிட்டியில் 1989-ல் வாரத்தில் ஒரு நாள் கார் ஓடக்கூடாது என்று போட்டார்கள். ஆட்கள் இன்னொரு கார் வாங்கிக்கொண்டார்கள், காற்று சுத்தமானதற்கு ஆதாரம் இல்லை என்று பின்னால் ஆய்வு வந்தது.

கத்திவாக்கத்தான்

இடம் மாறுவது எங்களுக்குப் புதுசா? சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாளக் கூடாது என்று உயர் நீதிமன்றம் 2011-ல் சொன்னது. ராயபுரம் பக்கம் தூசி குறைந்தது. கரி எண்ணூர்த் துறைமுகத்துக்கு வந்தது.

பழைய வண்ணை

அண்ணே, எங்க மேல கோவப்படாதீங்க. நாங்க நீதிமன்றத்துல 'எண்ணூருக்கு அனுப்புங்க'ன்னு கேக்கலை.

கத்திவாக்கத்தான்

உங்கள் மேல் கோபம் இல்லை அண்ணே. ராயபுரத்தில் மட்டும் அளந்தால் அது முழு வெற்றிக் கதை. அதைச் சொல்ல வந்தேன்.

சென்சார் தம்பி

லாரி ஸ்டிரைக் நாளை எடுத்துக்கலாமே? 2018 ஜூலை 20-லேர்ந்து 27 வரைக்கும் நாடு முழுக்க லாரி ஓடலை.

அளவுகோல்

நல்ல யோசனை. ஆட்சியர் போட்ட தடையைவிட ஸ்டிரைக் சுத்தமான சோதனை, ஏனென்றால் வண்டி வேறு பாதையில் போகாது, வேறு நேரத்திலும் போகாது. நைட்ரஜன் டை ஆக்சைடையும் பி.எம் 10-ஐயும் பார்க்கலாம். ஒரே குறை, நாடு முழுக்க நின்றதால் 'தடை இல்லாத ஊர்' என்று ஒப்பிட ஒன்று கிடைக்காது. டிரெய்லர் ஓடாத தெருவை ஒப்பீடாக வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு நடைமுறைச் சிக்கல். கத்திவாக்கம், திருவொற்றியூர், மணலியில் கையால் மாதிரி எடுக்கும் நிலையங்கள் உண்டு. அவை வாரத்துக்கு இரண்டு நாள்தான் ஓடும். மூன்று வார ஷட்டவுனில் ஆறு எண். அதில் இரண்டு நாள் மழை என்றால் நாலு. அதை வைத்து எதையும் நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. 'மாற்றம் தெரியவில்லை' என்பதும் 'மாற்றம் இல்லை' என்பதும் வேறு வேறு, அந்தப் படத்தின் கீழே இருந்த வரி இந்த இரண்டையும் குழப்புகிறது.

மணலி ஷிப்ட்

இதுவரைக்கும் படித்தேன். நேராகவே கேட்கிறேன். குறைந்தால் 'பார்த்தாயா, ஆலைதான்' என்பீர்கள். குறையாவிட்டால் 'காற்றுத் திசை சரியில்லை, மழை, தீபாவளி, ஸ்டேஷன் மேற்கே இருக்கு' என்பீர்கள். எந்த எண் வந்தால் நீங்கள் 'சரி, இந்த நாற்றம் உங்களுடையது இல்லை' என்று ஒத்துக்கொள்வீர்கள்? அப்படி ஒரு எண் இல்லையென்றால் இது அளவு இல்லை, தீர்ப்பு எழுதிவிட்டு சாட்சி தேடுவது.

வியாசர்பாடி 39

ஷிப்ட் கேட்டது நியாயம்தான்.

அளவுகோல்

முழு நியாயம். அதனால்தான் அடுத்த ஷட்டவுனுக்கு முன்னாலேயே எழுதி வைக்க வேண்டும் என்கிறேன். தரவு வந்த பிறகு எந்த நாளை நீக்குவது என்று முடிவு செய்தால், நானாக இருந்தாலும் எனக்குச் சாதகமான நாட்களை விட்டுவிட்டு மற்றதைத்தான் நீக்குவேன். மனிதக் குணம் அது.

என் முன்மொழிவு இது, திருத்துங்கள். அளவு கந்தக டை ஆக்சைடு. இடம் எர்ணாவூர் அல்லது விம்கோ நகர், அதாவது ராத்திரிக் காற்றில் ஆலைப் புகை வந்து சேரும் பக்கம். அதற்கு வாரியத்திடம் நடமாடும் அளவீட்டு வண்டி கேட்டு இப்போதே மனு போட வேண்டும். ஷட்டவுனுக்கு ஒரு மாதம் முன்பிலிருந்து, முடிந்து ஒரு மாதம் வரை அந்த வண்டி நிற்க வேண்டும். மேற்கு, தென்மேற்குக் காற்று உள்ள மணிகளை மட்டும் எடுத்து, ஷட்டவுனுக்குள் அந்த மணிகளையும் வெளியே அந்த மணிகளையும் ஒப்பிட வேண்டும். கிழக்குக் காற்று மணிகள் நமக்கு ஒப்பீட்டுக் குழு. கடலிலிருந்து வரும் காற்றில் ஆலை ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரே எண்தான் வர வேண்டும். அங்கேயும் எண் மாறினால் வானிலை நம்மை ஏமாற்றுகிறது என்று பொருள்.

மேற்குக் காற்று மணிகளில் கால்வாசிகூடக் குறையவில்லை என்றால், எர்ணாவூரின் கந்தகம் பெரும்பாலும் வேறு இடத்திலிருந்து வருகிறது என்று நான் இதே இழையில் எழுதுகிறேன். அதற்குமேல் குறைந்தால் நீங்கள் எழுத வேண்டும்.

மணலி ஷிப்ட்

24 மணி நேரத் தரம் 80 மைக்ரோகிராம். நாங்கள் அதற்கு உள்ளேதான் இருக்கிறோம் என்று மேலே இருக்கிறவர்கள் சொல்வார்கள்.

மணலி புதுநகர்

சொல்லட்டும். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வைத்த எண் 40. எப்படியும் அது வேறு கேள்வி. வரம்புக்குள் இருக்கிறதா என்பது ஒன்று, யாருடையது என்பது இன்னொன்று. இந்தச் சோதனை இரண்டாவதுக்கு மட்டும்.

மணலி ஷிப்ட்

ஒத்துக்கிறேன். யூனிட் இறங்கும், ஏறும் தேதியை நான் இங்கே போட முடியாது, வேலை போயிடும். வாரியத்திடம் தகவல் அறியும் உரிமையில் கேளுங்கள். புகைபோக்கியில் இருக்கும் ஆன்லைன் கருவியின் மணிக்கணக்குத் தரவையும் சேர்த்துக் கேளுங்கள், எது எப்போது நின்றது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

ஒரு திருத்தம் மட்டும். 'கால்வாசி' என்பது சராசரிக்கா, நடு எண்ணுக்கா (எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது)? ஒரே ஒரு ராத்திரி பக்கத்து யூனிட்டில் கோளாறு வந்தாலும் சராசரி எகிறிவிடும்.

அளவுகோல்

நடு எண். இரவு 10-லிருந்து காலை 6 வரை, மழை பெய்த மணிகளும் காற்று அசையாத மணிகளும் நீங்கலாக. தீபாவளி, போகி வந்தால் அந்த நாளும் அடுத்த நாளும் நீங்கலாக.

எர்ணாவூர் குப்பம்

நோட்டு வாங்கிக் கொடுத்துட்டேன். அப்பா கேக்கிறார், நாத்தம் இல்லாத நாளைக்கு என்ன எழுதுறதுன்னு.

அளவுகோல்

தேதி, நேரம், காற்றுத் திசை, 'இல்லை'. அவ்வளவுதான் அம்மா.